நிறுத்திப் பார்த்த வண்டி

"மாஸ்டர், இதுல எந்த வண்டிய வாங்கட்டுமுங்க?"

பூங்கொடி மூன்று விளம்பரத் தாள்களை விரித்துக் காட்டினாள். மூன்றிலும் பெரிய மோட்டார் சைக்கிள்கள்.

மாஸ்டர் தாள்களைப் பார்க்கவில்லை. பூங்கொடி வந்திறங்கிய பழைய நூறு சிசி வண்டியைப் பார்த்தார்.

"அக்கா, இதக் கழுவிட்டு வாங்க."

"கழுவிட்டு வந்தா சொல்லுவீங்களா?"

மாஸ்டர் டீயைக் குடித்தார்.

*

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் இந்துஜா. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் போகிற வழியில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் உள்ள காலி மைதானம்தான் ஆசிரமம். ஒரு வேப்பமரமும் உண்டு, மரபுக்குக் குறை வைக்கவில்லை.

அங்கே அவர் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லித்தருகிறார். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். நாற்பது பேரை மேய்க்கிறவள்.

பூங்கொடியின் கணவர் வையாபுரி இருபத்திரண்டு வருடம் கொல்லிமலைக்கு லாரி ஓட்டினார். மேலே சோளக்காடு என்ற ஊரில் பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குவார். சர்க்கரை நோய் அவர் பார்வையை முழுசாக எடுத்துக்கொண்டு நாலு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா நின்ற அவருடைய சின்ன வண்டியில்தான் பூங்கொடி, மாஸ்டரிடம் வந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

வையாபுரி எதையும் கேட்கிற ஆள் இல்லை. போன தை மாதம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒருக்கா மலைக்கு மேல போய்ட்டு வரலாமா புள்ள? பஸ்ஸு வேண்டாம். காத்து மூஞ்சில படணும்."

பண்ணைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற சின்ன வண்டி, இரண்டு பேரை வைத்துக்கொண்டு எழுபது வளைவு ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அது கிடக்கட்டும். அது விழுகிற வண்டி. பூங்கொடி அப்படித்தான் நம்பினாள். லேசான வண்டி, அதனால் ஆடுகிறது, ஆடுவதால் விழுகிறது. பெரிய வண்டி என்றால் கல் மாதிரி நிற்கும். அவர் பயமில்லாமல் உட்காருவார்.

ஆகவே மூன்று தாள்களில் எது ரொம்பப் பெரியதோ அதன் மேல்தான் அவள் கண்.

*

மறுநாள் வந்தாள்.

"கழுவிட்டேனுங்க."

"என்ன பாத்தீங்க?"

"என்னத்தப் பாக்கறது. அழுக்குத்தான்."

"மறுபடி கழுவுங்க."

பூங்கொடிக்குச் சுர்ரென்று ஏறியது. மகள் வயசுப் பெண். கேட்ட கேள்வி என்ன, சொல்கிற பதில் என்ன. இருந்தாலும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன பாத்தீங்க?"

"என் மூஞ்சியே தெரியுதுங்க மாஸ்டர்."

"மறுபடி."

மூன்றாம் தடவை அவள் பைப்பைத் திறக்கவில்லை. ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் வலது பக்கம் முழுவதும் துடைத்தாள். பிறகு எழுந்து சுற்றிப்போய் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

துணி பாதியில் நின்றது.

*

"மாஸ்டர், கீறல் பூராம் இடது பக்கமே இருக்குதுங்க. வலது பக்கம் புதுசு மாதிரி கெடக்குது."

மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் நல்ல அறிகுறி.

"எத்தனை கீறல்?"

"எட்டு. ஆனா நான் உழுந்தது ஏழு தடவைதான். ஒரு கீறல் பழசு, துருப்பிடிச்சுக் கெடக்குது. அது எப்ப உழுந்ததுன்னு தெரியிலீங்க."

"தெரிஞ்ச ஏழையும் சொல்லுங்க."

பண்ணை வாசலில் ஒன்று. ரேஷன் கடை எதிரில் ஒன்று, அன்றைக்கு ஊரே பார்த்தது. பெட்ரோல் பங்கில் ஒன்று. இப்படி ஆறு சொன்னாள். ஏழாவது வந்ததும் நிறுத்தினாள்.

"ஏழாவது?"

"சேந்தமங்கலம் ரோட்டுல. அன்னைக்கு அவரு பின்னால இருந்தாரு."

"அண்ணனுக்கு அடியா?"

"முட்டி சிராய்ச்சுது, அவ்வளவுதான். ஆனா..." அவள் துணியை முறுக்கினாள். "நம்மளுக்குன்னா உழப்போறம்னு தெரியும். கையக் கால ஊணிக்குவோம். அவருக்குத் தெரியிலீங்க மாஸ்டர். பேசிட்டே வந்தாரு. பேசிட்டே உழுந்தாரு."

மாஸ்டர் குனிந்து கீறல்களைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூடப் பஸ்ஸுலயே போலாம்ங்கறாரு. பயம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. ஆனா மலைக்கு மட்டும் வண்டியில போகோணும்ங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஏழு தடவையும் ஓடும்போது உழுந்தீங்களா, நிறுத்தும்போதா?"

பூங்கொடி விரல்விட்டு எண்ணினாள்.

"நிறுத்தும்போதுதானுங்க. எல்லாமே."

*

மைதானத்தில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை மாஸ்டர் ஒரு கை அள்ளினார். தண்ணீர் விட்டுக் குழைத்தார். சின்ன வண்டியின் வலது கை பிரேக்கில் கெட்டியாகப் பூசினார்.

"கை பிரேக்கத் தொடாதீங்க. ஒரு சுத்து போய்ட்டு வந்து, கால் பிரேக்ல மட்டும் ஓரமா நிறுத்துங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

பூங்கொடி கிளம்பினாள். மாஸ்டர் தன்னுடைய பெரிய வண்டியில் பின்னாலேயே போனார். ஓரம் வரும் நேரம் பார்த்து, லாரிக்காரன் மாதிரி ஹாரனை நீட்டி அமுக்கினார்.

பூங்கொடி ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தாள். வண்டி குலுங்கிச் சாய்ந்தது. இடது காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கை பிரேக்கத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

மாஸ்டர் அவள் வலது கையைக் காட்டினார்.

பூங்கொடி கையைத் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலும் வெள்ளை.

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள். அவளுக்கே சொல்லாமல் வேலை பார்த்திருக்கின்றன.

"ஹேண்டில் திரும்பியிருக்கும்போது கை பிரேக்கப் புடிச்சா வண்டி அந்தப் பக்கம் சாயும்," என்றார் மாஸ்டர். "ஹாரன் கேட்டா நீங்க இடது பக்கம் ஒடிக்கறீங்க, அப்பவே புடிக்கறீங்க. எந்த வண்டியா இருந்தாலும் இடது பக்கம்தான் உழும்."

"அப்ப ஏன் இத்தன நாளா எனக்குப் பெருசா அடிபடலீங்க?"

மாஸ்டர் சின்ன வண்டியின் சீட்டைத் தட்டினார்.

"நூத்திப்பத்து கிலோ. உங்க ஒத்தக் காலு தாங்கற எடை."

பிறகு தன் வண்டியைத் தட்டினார்.

"இது இருநூறுக்கு மேல."

நாலு வருடமாக அந்தச் சின்ன வண்டியைப் பூங்கொடி கூப்பிட்ட பெயர் சனியன். விழும்போதெல்லாம் அப்படித்தான் திட்டினாள். ஒரு தடவை காலால் எட்டிக்கூட உதைத்திருக்கிறாள். அது நாலு வருடமும் அவள் செய்த தப்பைத் தன் இடது பக்கத்தில் வாங்கிக்கொண்டு, அவளை நடக்கவிட்டு அனுப்பியிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பப் பெரிய வண்டியே வேண்டாமுங்களா மாஸ்டர்?"

*

மாஸ்டர் துப்பட்டாவை உருவி, தன் கண்களை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டினார். தடவித் தடவிப் போய்ப் பெரிய வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நான்தான் வையாபுரி அண்ணன். ஓட்டுங்க."

"வேண்டாங்க மாஸ்டர்."

"அண்ணன் பேசிட்டே வருவாருன்னு சொன்னீங்கல்ல? நானும் பேசிட்டே வர்றேன். நீங்க ஓட்டுங்க."

பூங்கொடி உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். முதல் கியர் போட்டாள். வண்டி கனமாக நகர்ந்தது.

மாஸ்டர் சொன்னபடியே பேச ஆரம்பித்தார். பட்டறைப் பக்கத்து டீக்கடையின் டீயைப் பற்றி.

"இஞ்சியே போடறதில்லக்கா. கேட்டா போட்டிருக்குன்றான். போட்ட இஞ்சி எங்க போச்சுன்னு கேட்டா..."

பட்டறையிலிருந்து ஒரு லாரி நிஜமாகவே வெளியே வந்து ஹாரன் அடித்தது.

பூங்கொடி ஒடித்தாள். விரல்கள் போய்ப் பிடித்தன. வண்டி சாய்ந்தது. இடது காலை ஊன்றினாள். கால் ஒரு நொடி தாங்கியது. அடுத்த நொடி தாங்கவில்லை.

வண்டியின் முன்பக்கத்தில் காப்புக்குப் போட்டிருந்த இரும்புக் கம்பி மண்ணில் மோதி வண்டியைத் தாங்கியதால் யார் காலும் அடியில் மாட்டவில்லை. பூங்கொடி துள்ளி எழுந்துவிட்டாள். மாஸ்டர் இரண்டடி தள்ளிக் கிடந்தார். முழங்கையில் ரத்தம்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் கட்டை அவிழ்க்கவில்லை. இரண்டு கைகளாலும் தரையைத் தடவினார். ஒரு கல் கிடைத்தது. அதை விட்டுவிட்டு வேறு பக்கம் தடவினார்.

"வண்டி எங்கக்கா?"

பூங்கொடி அந்தக் கைகளைப் பார்த்தாள். சேந்தமங்கலம் ரோட்டில் வையாபுரியும் இப்படித்தான் தடவினார். வண்டியைத் தேடினார் என்று அவள் அன்று நினைத்தாள். அவர் தேடியது அவளை.

அவள் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "துணிய அவுத்துடுங்க மாஸ்டர்."

"அண்ணனால அவுக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்ப கையக் குடுங்க. வண்டியத் தூக்கலாம்."

இருவரும் தூக்கி நிறுத்தினார்கள். மாஸ்டர் மறுபடி தடவித் தடவிப் பின்னால் ஏறினார்.

"மறுபடி," என்றார். "இஞ்சி எங்க விட்டேன்?"

*

அன்றிலிருந்து தினமும் காலை பண்ணைக்குப் போகும் முன் அரை மணி நேரம். தினமும் சுண்ணாம்பு. சின்ன வண்டியில் பாதி, பெரிய வண்டியில் பாதி. ஹேண்டிலை நேராக்கு, பிறகு நிறுத்து. கேட்பதற்கு ஒரு வரி. விரல்களுக்கு அது எட்ட முப்பத்தெட்டு நாள் ஆனது.

இடையில் ஒரு நாள் விரல் சுத்தமாக இருந்தது. குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் மறுபடி நாலும் வெள்ளை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் மாஸ்டர் பின்னால் வந்து ஹாரனை அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். பூங்கொடி ஓரம் வந்தாள், ஹேண்டிலை நேராக்கினாள், நின்றாள். கையைத் திருப்பி மாஸ்டரிடம் காட்டினாள்.

மாஸ்டர் தலையசைத்தார்.

"இப்பக் கேளுங்க, எந்த வண்டின்னு."

பூங்கொடி வாயைத் திறந்தாள். கேட்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. மூடிக்கொண்டாள்.

*

நாமக்கல் ஷோரூமுக்கு அவள் வையாபுரியையும் கூட்டிப்போனாள். பஸ்ஸில்தான்.

"ஓட்டிப் பாருங்க மேடம்," என்றார் விற்பனைக்காரர். "பிக்கப் பாருங்க, அப்படியே பறக்கும்."

"பறக்கறது இருக்கட்டுங்க. நிறுத்திப் பாக்கோணும்."

"நிறுத்தியா?"

"பத்துத் தடவை. இவரப் பின்னால வெச்சுட்டு."

விற்பனைக்காரருக்கு இப்படி ஒரு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார்.

உயரமான வண்டியில் வையாபுரியால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. அதை அப்படியே விட்டாள். அவள் ஆசைப்பட்ட பெரிய வண்டியில் பத்துக்கு ஆறு தடவை ஒழுங்காக நின்றாள். நாலு தடவை தோளில் இருந்த அவர் கை இறுகியது. அவள் அதை எண்ணிக்கொண்டாள்.

மூன்றாவது, நடுத்தரமானது. முந்நூற்றைம்பது சிசி. அதை யாரும் பெரிதாகப் புகழவில்லை. வையாபுரி ஏறினார். அவர் கால்கள் தாமாகவே மிதியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தன. முதல் தடவை நிறுத்தும்போது அவர் கை அவள் தோளை நெரித்தது. நாலாவது தடவை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. பத்தாவது தடவை கை தோளில் இல்லை.

பூங்கொடி பயந்து திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். விற்பனைக்காரர்தான் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதானுங்க," என்றாள் பூங்கொடி.

*

புது வண்டி வந்த அன்று இருவரும் முதலில் மைதானத்துக்குப் போனார்கள். சின்ன வண்டி அங்கேதான் நின்றது.

"இது இங்கயே இருக்கட்டுங்க மாஸ்டர். கத்துக்க வர்றவங்க இதுல உழுந்து எந்திரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, மாஸ்டரின் காலைத் தொடக் குனிந்தாள். மாஸ்டர் துள்ளிப் பின்னால் போனார்.

"ஐயோ அக்கா, வயசுல பெரியவங்க."

குனிந்தவள் நிமிரவில்லை. சின்ன வண்டியின் இடது பக்கம் வளைந்து கிடந்த மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து ஒற்றிக்கொண்டாள். அதைத்தான் அவள் மாஸ்டருக்கும் செய்ய நினைத்தாள்.

"என்ன புள்ள பண்ற?" என்றார் வையாபுரி.

பூங்கொடி அவர் கையைப் பிடித்து வண்டியின் இடது பக்கத்தில் வைத்தாள். அவர் ஒவ்வொரு கீறலாகத் தடவிக்கொண்டு போனார். ஏழு வரைக்கும் சும்மா போன விரல் கடைசியில் துருப்பிடித்த கீறலில் நின்றது.

"இது உன்னுது இல்ல," என்றார்.

"அப்ப?"

"என்னுது. வண்டி வாங்கின புதுசுல. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்."

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி ஊரையே ஹாரன் அடித்து விரட்டியவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். பூங்கொடிக்கு அந்த நிமிடம் எல்லோர் மேலும் நன்றியாக இருந்தது. ஹாரன் அடித்த லாரிக்காரர்கள் மேலும்கூட.

"நாளைக்கு மலை ஏறுங்க," என்றார் மாஸ்டர்.

*

காலை ஏழு மணிக்குக் காரவள்ளியைத் தாண்டினார்கள்.

வளைவுகள் தொடங்கியதும் வையாபுரி வாயைத் திறந்தார். அப்புறம் மூடவே இல்லை.

"இது பதினாலு. இங்க தண்ணி சொட்டும்."

"சொட்டுதுங்க."

"முப்பத்தொண்ணு. குரங்கு உக்காந்திருக்கும் பாரு."

"இருக்குதுங்க. குட்டி வெச்சிருக்குது."

ஒவ்வொரு வளைவுக்கும் அவர் உடம்பு, வண்டி சாயும் முன்பே சாயத் தயாராக இருந்தது. அவளுக்குப் பின்னால் பாரமே இல்லாதது போல இருந்தது. காற்று குளிர்ந்தது. அவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எல்லாவற்றையும் பார்த்தார்.

எழுபதாவது வளைவு முடிந்ததும், "ஏறிட்டோம் புள்ள," என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதை மறைக்க உடனே ஒரு கதையை எடுத்துக்கொண்டார். மேலே காற்று நிற்காமல் அடித்தது. பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

பூங்கொடி ஓரம் வந்தாள். ஹேண்டிலை நேராக்கினாள். இடது காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லாரி அவர்களைத் தாண்டிப் போனது.

அவள் பழக்கத்தில் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

பின்னால் வையாபுரி பேசிக்கொண்டே இருந்தார்.

"...நூறு பலாப்பழம், மழைன்னா மழை, அவ்வளவு மழை. அன்னைக்கும் இங்க வந்துதான் டீ குடிச்சேன். இஞ்சி வாசம் வருது பாரு, கடை வந்துருச்சு. நிறுத்து புள்ள, தாண்டிப் போயிடப் போற."